ஒரு மின்கலவடுக்கும் இரு பணியும்

மன்னார்த் தீவின் மேற்கு முனையில் அமைந்த தலைமன்னார்த் துறையினின்றும் தனுஷ்கோடி முனை ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தொலைவிலே உள்ளது. 1914ஆம் ஆண்டிலே தொடங்கிய கப்பற் சேவை, 1964ஆம் ஆண்டு திசம்பர் மாதப் பெரும்புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரை இவ்விரு துறைகளையும் இணைத்து நின்றது. அக்கப்பல்கள் சென்ற அதே நீரிலே இன்று கண்ணாடியிழையாலான சிறு படகுகள் மீன்பிடிக்கச் செல்கின்றன. இருநூறு பயணிகளைத் தாங்கிய கலத்துக்குத் திசை தவறினால் நேரம் வீணாகும். இரண்டு மூன்று பேர் செல்லும் இச்சிறு படகுக்குத் திசை தவறினால் நேர்வது வேறு. 1974ஆம் ஆண்டு சூன் மாத உடன்படிக்கையினால் பாக்கு நீரிணை தொடக்கம் ஆதாம் பாலம் வரையும், 1976ஆம் ஆண்டு மார்ச்சு மாத உடன்படிக்கையினால் அதற்குத் தெற்கே மன்னார் வளைகுடாவிலும் இலங்கை இந்தியக் கடலெல்லை வகுக்கப்பட்டது. தேசப்படத்திலே தெளிவாய்த் தோன்றும் அக்கோடு கடலின்மேற் கண்ணுக்குப் புலப்படாது. இருளிலும் மழையிலும் அதனை அறிவிப்பது செய்மதிகளின் சைகையைக் கொண்டு நிலை காட்டும் ஜி.பி.எஸ். கருவி ஒன்றே. அக்கருவி ஒருகணம் அணைந்தால் என்ன ஆகும் என்பதனையும், அஃது ஏன் அணைகின்றது என்பதனையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எல்லாப் படகுகளிலும் மின்வசதி உண்டென்று கொள்ளற்க. கயிற்றை இழுத்து இயக்கும் வெளியிணைப்பு இயந்திரமும், உலர்கலங்களால் இயங்கும் கைக்கருவியும் உடைய படகுகள் பல. ஆயின், 12 வோல்ற்று மின்கலவடுக்கு ஒன்றைப் பெட்டியிலிட்டு அணியத்திலே வைத்து, அதிலிருந்து விளக்கு, நிலைகாட்டி, ஆழமானி, படகினுள் ஊறும் நீரை இறைக்கும் சிறு பம்பி ஆகியவற்றுக்கு மின் எடுப்பாரும் உளர். யான் பார்த்த படகொன்றில் நேர்ந்த குறையே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. அதிலே மின்கலவடுக்கு அணியத்திலிருந்தது. பம்பியும் நிலைகாட்டியும் சுக்கான் பிடிப்பவர் இருக்கும் பின்புறத்திலிருந்தன. அணியத்திலிருந்து பின்புறம் வரை நேர்க் கம்பி ஒன்றும் எதிர்க் கம்பி ஒன்றுமாக ஒரே சோடி ஓடியது. அதன் முனையிலிருந்தே பம்பிக்கும் கருவிக்கும் கிளைகள் பிரிந்தன. பம்பியின் ஆளியைப் போட்டவுடன் நிலைகாட்டியின் திரை இருண்டு, மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். மின்கலவடுக்குப் பழுதென்று எண்ணிப் புதியதொன்றை வாங்கினர். சில கிழமை வரை குறை நீங்கினாற் போலிருந்தது. பின்னர் முன்போலவே ஆயிற்று. அதன்பின் நிலைகாட்டியைச் சந்தேகித்தனர்.

திரை மீண்டும் எரிவதாற் குறை தீர்ந்துவிடுவதில்லை. ஒவ்வொரு செய்மதியும் தன் பாதையை விவரிக்கும் தரவை 30 செக்கனுக்கொரு முறையே திரும்ப அனுப்புகின்றது. அத்தரவு கருவியின் நினைவிலே காக்கப்பட்டிருப்பின் சில கணங்களில் நிலை தெரியும். இல்லையேல் அரை நிமிடத்துக்கு மேலும் காத்திருத்தல் வேண்டும். மணிக்கு 10 கடல்மைல் வேகத்திற் செல்லும் படகு ஒரு செக்கனில் 5 மீற்றர் கடக்கும். 40 செக்கனில் 200 மீற்றர். கடல் கொந்தளித்து நீர் உள்ளே புகும் வேளையிலேதான் பம்பி அடிக்கடி ஓடும். அவ்வேளையிலேதான் நிலைகாட்டியும் மிகத் தேவைப்படும். சோளகக் காற்று வீசும் மாதங்களிலே மன்னார்க் கடலை அறிந்தோர்க்கு இதனை விரித்துரைத்தல் வேண்டா.

குறைக்குக் காரணம் மின்கலவடுக்கும் அன்று, கருவியும் அன்று. இரண்டுக்கும் பொதுவாக ஓடிய கம்பியே காரணம். இதனை விளங்கிக்கொள்ள முதலில் மோட்டரின் இயல்பை நோக்குவாம்.

நேரோட்ட மோட்டரும் மின்பிறப்பாக்கியும் அமைப்பில் ஒன்றே. 1873ஆம் ஆண்டு வியன்னாவில் நடந்த பெருங் கண்காட்சியிலே, கிராம் என்பார் அமைத்த மின்பிறப்பாக்கி ஒன்றிலிருந்து வந்த மின்னோட்டத்தால் அதனையொத்த இன்னொரு பொறி மோட்டராகச் சுழன்றதை உலகங் கண்டது. இவ்வொற்றுமையால் விளைவது யாதெனின், சுழலும் மோட்டர் ஒவ்வொன்றும் தன்னுள்ளே ஒரு மின்னியக்க விசையைப் பிறப்பித்துத் தன்னை ஓட்டும் மின்னோட்டத்தையே எதிர்த்து நிற்கும் என்பதாம். இதனைப் பின் மின்னியக்க விசை என்பர். 12 வோல்ற்றில் ஓடும் சிறு பம்பி ஒன்றின் சுருளின் தடை 1 ஓம் எனக் கொள்வோம். ஓமின் விதிப்படி 12 அம்பியர் பாய்தல் வேண்டும். ஆயின் ஓடும்போது 3 அம்பியரே பாய்கின்றது. எஞ்சிய 9 வோல்ற்றையும் பின் மின்னியக்க விசை எதிர்த்து நிற்கின்றது. மோட்டர் நின்ற நிலையிலிருந்து தொடங்குங் கணத்திலே சுழற்சி இல்லை. ஆதலின் எதிர்ப்பும் இல்லை. அக்கணத்தில் மின்னோட்டத்தைத் தடுப்பன சுருளின் தடையும் கம்பிகளின் தடையும் மாத்திரமே. பெட்டியின் மேல் 3 அம்பியர் என அச்சிட்ட பம்பி, தொடங்குங் கணத்திலே அதன் மூன்று மடங்கை இழுக்கின்றது. பம்பியின் விசிறியிலே பாசியோ நைலோன் நூலோ சிக்கி அது சுழலாது நிற்குமாயின் அந்நிலை நீடிக்கும். (அதே தீவின் தென்கரையிலே 2020ஆம் ஆண்டு நிறுவப்பட்ட 30 காற்றாலைகளின் மொத்த வலு 103.5 மெகாவற்று. நாம் கணக்கிடுவதோ 36 வற்றுப் பம்பி. எனினும் ஓமின் விதி இரண்டையும் ஒன்றாகவே நடத்துகின்றது.)

இனிக் கம்பியை நோக்குவாம். 1.5 சதுர மில்லிமீற்றர்ச் செப்புக் கம்பியின் தடை மீற்றருக்கு ஏறத்தாழ 0.012 ஓம். அணியத்திலிருந்து பின்புறம் 6 மீற்றர். போகவும் வரவும் 12 மீற்றர். ஆகத் தடை சற்றேறக்குறைய 0.15 ஓம். இஃது அற்பம் என்று தோன்றும். உப்புக் காற்றாற் பச்சை பூத்த மூட்டு ஒன்று 0.2 ஓம் சேர்க்கிறதென்க. பழைய மின்கலவடுக்கின் அகத்தடை 0.05 ஓம், அதன் மின்னியக்க விசை 11.8 வோல்ற்று எனக் கொள்க. நிலைகாட்டி தானே இழுக்கும் மின்னோட்டம் சிறிதாதலின் அதனை விட்டுவிடுவோம். மோட்டர் தொடங்குங் கணத்தில் மொத்தத் தடை 1.4 ஓம், மின்னோட்டம் 8.4 அம்பியர். பொதுப்பாதையின் தடை 0.4 ஓம், அதிலே இழக்கப்படுவது 3.4 வோல்ற்று. பின்புறத்திலே கருவிக்குக் கிடைப்பது 8.4 வோல்ற்று மாத்திரமே. இவ்வகைக் கருவிகள் பலவற்றின் கைந்நூல்கள் 10 வோல்ற்றையே கீழெல்லையாகக் கூறுகின்றன. கருவி அணைவதிலே வியப்பு யாதுமில்லை.

இப்பொழுது ஒன்றை மட்டும் மாற்றுவோம். அதே மின்கலவடுக்கு, அதே பம்பி, அதே பச்சை பூத்த மூட்டு. நிலைகாட்டிக்கு மாத்திரம் மின்கலவடுக்கின் இரு முனைகளிலிருந்தும் நேரே தனிச் சோடிக் கம்பி இழுப்போம். பம்பி முன்போலவே 8.4 அம்பியர் இழுக்கும். அதன் பாதையிலே முன்போலவே வோல்ற்றளவு விழும். ஆயின் அவ்வீழ்ச்சி பம்பிக்குரியதேயன்றிக் கருவிக்குரியதன்று. இருவருக்கும் இப்பொழுது பொதுவாயிருப்பது மின்கலவடுக்கின் அகத்தடை மாத்திரமே. அதிலே விழுவது 0.42 வோல்ற்று. கருவிக்கு 11.4 வோல்ற்று கிடைக்கும். முன்னது 8.4, பின்னது 11.4. இம்மூன்று வோல்ற்றும் புதிய மின்கலவடுக்கினால் வந்தவையல்ல. 12 மீற்றர்க் கம்பியால் வந்தவை.

புதிய மின்கலவடுக்கு வாங்கியபோது சில கிழமை குறை நீங்கியது எவ்வாறு? அதனை மாற்றுகையிலே பழைய கம்பி முனைகளை வெட்டி, சுரண்டி, புதிதாக முறுக்கினர். மூட்டின் தடை மறைந்தது. புதிய மின்கலவடுக்கின் 12.7 வோல்ற்றையும் 0.02 ஓம் அகத்தடையையும் வைத்துக் கணக்கிட்டால், பம்பி தொடங்கும்போது கருவிக்கு 10.9 வோல்ற்று கிடைக்கும். எல்லைக்குச் சற்று மேலே என்க. பின்னர் உப்பு தன் வேலையை மீண்டும் தொடங்கிற்று. மூட்டின் தடை 0.1 ஓமாக உயர்ந்தவுடன் கருவிக்குக் கிடைப்பது சரியாக 10 வோல்ற்று ஆகின்றது. அதற்கு மேல் ஒரு சிறிது ஏறினும் பழைய குறை திரும்பிவிடும். நோய் நீங்கியது மருந்தினாலன்று, மருந்து கொடுக்குமுன் கை கழுவியதனால் என்பது போன்றது இது.

ஒரு பாதையைப் பெரிய மின்னோட்டமும் நுண்ணிய கருவியும் பங்கிடுவதால் விளையும் இடர் இற்றை நாளிற் புதிதாய்த் தோன்றியதன்று. மின் மோட்டர் வீதிக்கு வந்த காலத்திலேயே அது பெருநகரங்களைக் கலக்கியது. ஆதித் தொலைபேசிகள் பல ஒற்றைக் கம்பியால் இணைக்கப்பட்டு, மீள்பாதையாகப் பூமியையே கொண்டிருந்தன. 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலே மின்சார திராம் வண்டிகள் ஓடத் தொடங்கின. அவற்றின் மோட்டர்களை ஓட்டிய மின்னோட்டம் மேலேயுள்ள கம்பியால் வந்து தண்டவாளத்தின் வழியே மீண்டது. தண்டவாளமோ நிலத்தோடு தொட்டுக் கிடந்தது. ஆதலின் மின்னோட்டத்திலொரு பங்கு பூமியினூடும் சென்றது. தொலைபேசியிற் பேசுவோர் காதிலே திராம் வண்டியின் இரைச்சல் கேட்டது. ஈற்றிலே தொலைபேசிக்கு இரண்டாவது கம்பி ஒன்றைத் தனியே இழுப்பதே தீர்வாயிற்று. நாம் படகிலே செய்ததும் அதுவே.

பம்பாயிலே நிகழ்ந்தது இன்னும் சுவையானது. அந்நகரின் கொலாபா முனையிலிருந்த ஆராய்ச்சி நிலையத்திலே பூமியின் காந்தப்புலம் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் அளக்கப்பட்டு வந்தது. குதிரைகள் இழுத்த திராம் வண்டிகளை மின்சாரத்தால் ஓட்ட முடிவாயிற்று. தண்டவாளத்தையும் நிலத்தையும் பங்கிட்டுத் திரும்பும் மின்னோட்டம் உண்டாக்கும் காந்தப்புலம், பூமியின் காந்தப்புலத்தில் நிகழும் நுண்ணிய மாறுதல்களை மூடிவிடும். நிலையத்தின் தலைவராயிருந்த மூஸ் என்னும் பார்சி அறிஞர் இதனை முன்னரே உணர்ந்து, ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தெற்கேயுள்ள அலிபாக்கிலே காந்தத் தன்மையற்ற பொருட்களைக் கொண்டு புதிய நிலையம் அமைப்பித்தார். 1904 முதல் 1906 வரை ஈரிடத்திலும் ஒரே காலத்தில் அளந்து பழைய தொடரோடு புதியதை இணைத்தனர். 1907ஆம் ஆண்டிலே பம்பாயில் மின்சார திராம் ஓடியது. கருவியைத் திருத்த முனையாது பாதையைப் பிரித்தமையால், அறுபதாண்டு கால அளவீடு அறுபடாது தொடர்ந்தது. எம்மாணாக்கர் இந்நிகழ்ச்சியை அறிந்திருத்தல் நன்று. மின்னியல் நூல்களிலே இது காணப்படுவதில்லை.

படகுக்கு மீள்வோம். இதுவரை நேர்க் கம்பியையும் எதிர்க் கம்பியையும் சேர்த்தே கணக்கிட்டோம். ஆயின் எதிர்க் கம்பியிலே நிகழும் வீழ்ச்சிக்குத் தனியானதொரு தீங்கு உண்டு. நேர்க் கம்பியின் வீழ்ச்சி கருவியைப் பட்டினி போடும். எதிர்க் கம்பியின் வீழ்ச்சியோ கருவிக்குப் பொய் சொல்லும். பம்பியைத் தானாக ஓடச் செய்யும் நுண்கட்டுப்படுத்தி ஒன்றை அணியத்திலே மின்கலவடுக்கின் அருகில் வைத்திருப்பதாகக் கொள்வோம். நீர்மட்டத்தை உணரும் உணரி பின்புறத்திலே உள்ளது. கம்பியை மிச்சம் பிடிக்க விரும்பி, உணரியின் எதிர்முனையைப் பம்பியின் எதிர்க் கம்பியோடு இணைத்துவிட்டோம். நீர் இல்லையெனின் உணரி பூச்சிய வோல்ற்றையும், நீர் உண்டெனின் 5 வோல்ற்றையும் காட்டல் வேண்டும். பம்பி நிற்கும்வரை யாவும் ஒழுங்காயிருக்கும். பம்பி தொடங்குகிறது. எதிர்க் கம்பியின் தடை 0.075 ஓம், மூட்டு அக்கம்பியிலேயே உளதாயின் 0.2 ஓம் மேலும் சேரும். 8.4 அம்பியர் அதனூடு பாய, பின்புறத்தின் பூச்சியம் அணியத்தின் பூச்சியத்துக்கு 2.3 வோல்ற்று மேலே எழுந்துவிடுகிறது. உணரி "நீர் இல்லை" என்று சொல்கிறது, கட்டுப்படுத்திக்கோ 2.3 வோல்ற்றாகக் கேட்கிறது. 5 வோல்ற்றில் இயங்கும் இலக்கச் சுற்றுக்கள் பல 1.5 வோல்ற்றுக்குக் கீழ்ப்பட்டதையே பூச்சியமாக ஏற்கும். 2.3 என்பது இல்லையுமன்று, உண்டுமன்று. பம்பி நடுங்கி நடுங்கி ஓடும், அல்லது ஓடியபடியே இருந்து மின்கலவடுக்கை வெறுமையாக்கும். நிரலைப் பல முறை திருத்தியும் பயன் கிட்டாது. குற்றம் நிரலில் இல்லை. உணரியின் எதிர்முனைக்கு அணியம் வரை தனிக் கம்பி இழுத்தலே பரிகாரம். பூச்சியம் என்பது ஓரிடத்திலேதான் பூச்சியம். அவ்விடம் மின்கலவடுக்கின் எதிர்முனை. எல்லா மீள்கம்பிகளும் தனித்தனியே வந்து அங்கேதான் கூடுதல் வேண்டும்.

இவ்விடத்தில் விதியின் எல்லையையும் கூறுதல் கடன். பாடசாலை விஞ்ஞானக் கண்காட்சிகளிலே கோடு தொடர்ந்து ஓடும் சிறு வண்டிகளை மாணாக்கர் செய்கின்றனர். அவற்றுட் பல, மோட்டர் தொடங்கியவுடன் கட்டுப்படுத்தி மயங்கி, மீண்டும் தொடங்கி, மீண்டும் மயங்கி, நின்ற இடத்திலேயே துடிப்பதைக் கண்டிருக்கின்றோம். இங்கே கம்பியின் நீளம் ஒரு சாண். தனிக் கம்பி இழுத்தும் பயனில்லை. பொதுப்பாதை இங்கே கலத்தினுள்ளேயே இருக்கின்றது. 9 வோல்ற்றுச் செவ்வகக் கலத்தின் அகத்தடை ஓர் ஓமுக்கு மேற்பட்டது. இரு சிறு மோட்டர்கள் சேர்ந்து தொடங்குங் கணத்தில் 2 அம்பியர் இழுக்க முயன்றால், கலத்தினுள்ளேயே இரண்டு மூன்று வோல்ற்றுக்கு மேல் விழுந்துவிடும். கலம் சிறிது தளர்ந்திருப்பின் இன்னும் அதிகம். வண்டியை ஓட்டுதற்கு அக்கலத்தைத் தெரிந்தெடுப்பதே மாணாக்கர் செய்யும் முதற் பிழை. அகத்தடை குறைந்த மீள்மின்னேற்றக் கலங்களை ஆளுதல் ஒரு வழி. மோட்டருக்கு ஒரு தொகுதி, கட்டுப்படுத்திக்கு வேறொரு தொகுதி எனப் பிரித்தல் மற்றொரு வழி. பிரிக்கும்போது இரு தொகுதிகளின் எதிர்முனைகளையும் ஓரிடத்திலே இணைக்க மறத்தலாகாது. இணைக்காவிடின் கட்டுப்படுத்தி அனுப்பும் கட்டளையை மோட்டரின் சுற்று எதனோடு ஒப்பிட்டு அறியும்?

தொடங்குங் கணம் இவ்வாறாயின், நிறுத்துங் கணம் வேறொரு தொல்லை தருவது. ஓடும் படகின் இயந்திரத்தை நிறுத்தினும் படகு உடனே நில்லாது. சுருளினூடு பாயும் மின்னோட்டமும் அத்தகையதே. ஆளியைத் திறந்து அதன் பாதையைத் துண்டித்தால், பாய்ந்தே தீருவேன் என்று அது தன் முனைகளிலே வோல்ற்றளவை உயர்த்தும். சுருளின் தூண்டுதிறன் 1 மில்லி என்றி, மின்னோட்டம் 3 அம்பியர், அஃது அறும் நேரம் 10 மைக்கிரோ செக்கன் எனின், எழும் வோல்ற்றளவு 300. இதன் சத்தி மிகச் சிறிது, 4.5 மில்லி யூல் மாத்திரமே. எனினும் 40 அல்லது 60 வோல்ற்றுக்கென அமைந்த திரான்சிற்றரைக் கொல்ல அதுவே போதும். கையால் இயக்கும் ஆளியாயின் அதன் இதழ்களுக்கிடையே பொறி பறக்கும். நாட்பட அவ்விதழ்கள் தீயும். இதற்கு மருந்து மலிவானது. ஒரு திசையிலேயே மின்னோட்டத்தை விடும் இருவாயியை, டயோட்டு என வழங்குவதை, மோட்டரின் இரு முனைகளுக்கும் குறுக்கே எதிர்த்திசையில் இணைத்தல் வேண்டும். மோட்டர் ஓடும்போது அது மூடிய கதவு. பாதை அறுந்த கணத்தில் மின்னோட்டம் அதனூடு சுற்றித் தானே தணிந்து போகும். கோடிட்ட முனை நேர்ப்பக்கம் இருத்தல் வேண்டும். மாறி இணைத்தால் மின்கலவடுக்கையே குறுக்கே இணைத்தவராவோம். அஞ்சலோட்டிச் சுருளுக்கும் இஃதே விதி. மோட்டரின் வேகத்தை மாற்றுதற்கு இக்காலத்திலே செக்கனுக்குப் பல்லாயிரம் முறை ஓட்டத்தை விட்டும் அறுத்தும் ஆளுகின்றனர். அச்சுற்றிலே இருவாயி இல்லையெனின் திரான்சிற்றர் நெடுநேரம் உயிர்வாழாது.

தூரிகைகள் திசைமாற்றியின்மேல் உராயும்போது எழும் நுண்பொறிகளும் உண்டு. இவை வானொலியில் இரைச்சலாகக் கேட்கும். நிலைகாட்டியின் நலிந்த செய்மதிச் சைகையையும் கலக்கக்கூடும். மோட்டரின் முனைகளுக்குக் குறுக்கே அதனையொட்டியே 0.1 மைக்கிரோ பரட்டுக் கொள்ளளவி ஒன்றை இணைத்து, போகும் கம்பியையும் வரும் கம்பியையும் ஒன்றோடொன்று முறுக்கி ஓட்டினால் பெரும்பாலும் அடங்கும்.

கொள்ளளவி என்றதும், பெரியதொன்றைக் கருவியின் வாயிலிலே வைத்து, வீழ்ச்சியின்போது அதிலுள்ள மின்னேற்றத்தாற் கருவியை நடத்தலாகாதா என்று கேட்பர். ஆகும், அளவறிந்து செய்தால். கட்டுப்படுத்திச் சுற்று 0.1 அம்பியர் இழுக்கிறது. மோட்டர் வேகம் பிடிக்க 0.2 செக்கன் ஆகின்றது. அதற்குள் 3 வோல்ற்று வரை தாழலாம் எனின், வேண்டுவது ஏறத்தாழ 6,700 மைக்கிரோ பரட்டு. கடையிற் கிடைக்கும் 6,800 மைக்கிரோ பரட்டுக் கொள்ளளவி போதும். அதன் முன்னே ஓர் இருவாயியும் இருத்தல் வேண்டும். இல்லையேல் சேர்த்த மின்னேற்றத்தை மோட்டரே பின்னோக்கி உறிஞ்சிவிடும். ஆயின் 1 அம்பியர் இழுக்கும் பெரிய திரையுடைய கருவிக்கு, 11.4 வோல்ற்றிலிருந்து 10 வரையே தாழ இடமுண்டெனின், இதே கணக்கு 1,40,000 மைக்கிரோ பரட்டுக்கு மேல் கேட்கும். அதற்கு இரு துண்டுக் கம்பியே மலிவு. கொள்ளளவியை எல்லா நோய்க்கும் மருந்தாகக் கொள்வார் கூற்றை யான் ஏற்பதற்கில்லை. பொதுப்பாதையைப் பிரிக்க இயலாத இடத்திலேயே அதற்கு வேலை.

கம்பியும் கொள்ளளவியும் உதவாத இடமும் ஒன்றுண்டு. பலநாட் கலங்களின் டீசல் இயந்திரத்தைத் தொடக்கும் மோட்டர் நூற்றுக்கணக்கான அம்பியரைச் சில செக்கன்களுக்கு இழுக்கும். 200 அம்பியர், 0.01 ஓம் அகத்தடை எனினும் மின்கலவடுக்கின் முனைகளிலேயே 2 வோல்ற்று விழும். மோட்டார் வண்டியின் சாவியைத் திருகி இயந்திரத்தைத் தொடக்கும்போது வானொலி ஒருகணம் மௌனமாவதைக் கண்டிருப்பீர்கள். அது பழுதன்று; தொடக்குங் கணத்தில் அத்தகைய சுமைகளைச் சாவியே விலக்கிவைக்கின்றது. கடலிலே நிலைகாட்டியையும் தொடர்பு வானொலியையும் அவ்வாறு விலக்கிவைத்தல் தகாது. ஆதலின் தொடக்கிக்கு ஒரு மின்கலவடுக்கும் கருவிகளுக்கு வேறொன்றும் வைத்தலே அங்கு நெறி. புகையிரதப் பொறியியலாரும் இவ்வாறே செய்வர். இந்தியப் புகையிரதங்களிலே தண்டவாளக் கிளைகளைத் திருப்பும் மோட்டருக்கு 110 வோல்ற்று. சைகைகளை ஆளும் அஞ்சலோட்டிகளுக்குத் தனியே 24 வோல்ற்று. மூலமான மின்கலவடுக்கு ஒன்றேயாயினும் ஒவ்வொரு பணிக்கும் இடையே தனித்தனி மாற்றிகள் நிற்கின்றன. அங்கே ஓர் அஞ்சலோட்டி ஒருகணம் மயங்குவது உயிர்ச்சேதமாகலாம்.

குறையுள்ள படகிலோ வண்டியிலோ ஒரு வோல்ற்றுமானி கொண்டு இதனைச் சோதிக்கலாம். மானியின் ஒரு முனையை மின்கலவடுக்கின் எதிர்முனையிலும், மற்றதைக் கருவியின் எதிர்முனையிலும் வைத்துக்கொண்டு பம்பியை ஓட்டுக. சுற்று ஒழுங்காயின் முள் அசையாது. அரை வோல்ற்று காட்டினும் அப்பாதையை மோட்டர் பங்கிடுகிறது என்பது உறுதி. பின்னர் நேர்முனைகளுக்கிடையேயும் அவ்வாறே பார்த்தல் வேண்டும். இலக்க மானி கண்ணிமைக்குங் கணத்து வீழ்ச்சியைக் காட்டத் தவறும். முள்ளுடைய பழைய மானி அதனை ஒரு துள்ளலாகக் காட்டும். வீட்டு மூலையிலே கிடக்கும் அதனை எறிந்துவிடாதீர்கள்.

மேற்கூறிய படகிலே அவ்வாறு பார்த்தபோது எதிர்க் கம்பியிலே முள் இரண்டு வோல்ற்றைத் தாண்டித் துள்ளியது. மின்கலவடுக்கின் முனைகளிலிருந்து பின்புறம் வரை வெள்ளீயம் பூசிய செப்புக் கம்பிச் சோடி ஒன்றைப் புதிதாக இழுத்து, நேர்க் கம்பியிலே மின்கலவடுக்கை ஒட்டி 2 அம்பியர் உருகி ஒன்றை வைத்து, மூட்டுக்களுக்குக் கொழுப்புப் பூசினோம். பழைய கம்பியைப் பம்பிக்கே விட்டுவிட்டோம். கரையிலே நின்ற படகில் ஒரு வாளி கடல்நீரை ஊற்றிப் பம்பியைப் போட்டபோது திரையின் ஒளி சற்றே மங்கித் தெளிந்தது. அணையவில்லை.